என் கை மட்டும் போதும்

திருவனந்தபுரம்
9 ஏப்ரல் 2025

அன்புள்ள சுல்ஃபத் அக்காவுக்கு,

உனக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம். போனில் ஐந்து நிமிடத்தில் சொல்ல வேண்டியதை உன் தங்கை ஏன் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. உன் போன் உன் கையில் இருப்பதே இல்லையே. காலையில் ரஃபி அதில் விளையாடுகிறான், மத்தியானம் உன் மாமியார் உம்மா அதில்தான் ஊர்க்கதை பேசுகிறார், ராத்திரி ஷாபாஸ் மச்சான் சார்ஜில் போடுகிறார். நான் அனுப்புவதை உனக்கு முன்னால் மூன்று பேர் பார்த்துவிடுவார்கள். தமிழ் எழுத்து உங்கள் வீட்டில் உன்னைத் தவிர ஒருவருக்கும் தெரியாது. அம்மா பொள்ளாச்சி மாமாவுக்குக் கடிதம் எழுதச் சொல்லி நம்மைப் பிடித்து உட்கார வைப்பாளே, அன்றைக்கு எவ்வளவு திட்டினோம். இப்போது அதுதான் பூட்டும் சாவியுமாக உதவுகிறது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நான் மலையாளத்தில் யோசித்துத் தமிழில் எழுதுகிறவள்.

சட்டக் கல்லூரி நாலாம் வருஷத்தில் இன்டர்ன்ஷிப் கட்டாயம் என்று சொன்னேன் அல்லவா? என்னோடு படிப்பவர்கள் எல்லாம் பெரிய வக்கீல் ஆபீஸ்களில் சேர்ந்தார்கள். நான் சேர்ந்த இடம் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி. கீழே மெஷின் ஓடினால் மேலே மேஜை நடுங்கும். கர்ப்பம், பிரசவம், கருக்கலைப்பு, இதிலெல்லாம் பெண்ணுக்குள்ள உரிமைக்காக வழக்கு நடத்துகிற சின்ன அமைப்பு. நடத்துகிறவர் காமாக்ஷி மேடம். திருப்பூணித்துறைக்காரர், வீட்டில் தமிழ்தான். என் தமிழைக் கேட்டு முதல் நாளே சிரித்துவிட்டார்.

இப்போது நாங்கள் செய்வது இதுதான். வயது பதினெட்டு நிறைந்த பெண்ணுக்குக் கருக்கலைப்பு செய்ய அவளுடைய சம்மதம் மட்டும் போதும், புருஷனின் ஒப்பு, அதாவது கையெழுத்து, வேண்டியதில்லை. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பல ஆஸ்பத்திரிகள் தாங்களாகவே படிவத்தில் ஒரு கட்டம் போட்டு, அவர் ஒப்பு வேண்டும் என்று பெண்களைத் திருப்பி அனுப்புகின்றன. அப்படித் திரும்பி வந்த பெண்களிடம் வாக்குமூலம் வாங்கி, மலையாளத்தில் ஒரு புத்தகம் போடுகிறோம். அதை வைத்து ஹைகோர்ட்டில் மனு. இதுவரை பதினோரு பேர் சொல்லியிருக்கிறார்கள்.

அக்கா, நான் எதற்கு வருகிறேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். நோன்புப் பெருநாளன்று அம்மாவின் சுள்ளிக்கல் வீட்டு மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டே நீ சொன்னாயே, அதைப் பன்னிரண்டாவதாகச் சேர்க்கலாமா? பேர் வராது. நீ வேண்டாம் என்றால் வேண்டாம்தான், இரண்டாவது முறை கேட்க மாட்டேன்.

உன் ஹிஸானா


மட்டாஞ்சேரி
16 ஏப்ரல் 2025

ஹிஸானா,

உன் கடிதத்தில் எட்டுப் பிழை. வக்கீல் ஆகி நீதிபதிக்குத் தமிழில் ஒன்றும் எழுதிவிடாதே, கட்சிக்காரனைத் தூக்கில் போட்டுவிடுவார்கள்.

பூட்டும் சாவியும் என்று எழுதினாய். பூட்டை முதலில் திறந்தது உம்மாதான். தபால்காரர் கொடுத்ததும் அப்படியே கிழித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் அடுக்களைக்குக் கொண்டுவந்து நீட்டினார். "எந்தா எழுதியிருக்குன்னது? வாயிக்கு மோளே" என்று வாசிக்கச் சொல்லி, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உன் கடிதத்தைப் பார்த்தபடியே, ஹாஸ்டல் சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லை, சாம்பாரில் தண்ணீர், மீன் குழம்பில் மீன் இல்லை என்று வாயில் வந்ததை வாசித்தேன். இரண்டு பக்கத்துக்குச் சாப்பாட்டுக் குறை சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உம்மா உச்சுக் கொட்டிக்கொண்டே கேட்டார். அதன் விளைவுதான் இந்தக் கடிதத்தோடு வரும் எலுமிச்சை ஊறுகாய். முழங்கால் வலியோடு உட்கார்ந்து அவரே போட்டது. தின்று முடி.

இனி நீ கேட்டது. மாடியில் அழுதுகொண்டே சொன்னதால் முன்னும் பின்னுமாகச் சொல்லியிருப்பேன். வரிசையாக எழுதுகிறேன்.

சின்னவள் பிறந்தபோது ரத்தம் நிற்காமல் ஐந்து பாட்டில் ஏற்றினார்கள் என்பது உனக்குத் தெரியும். இன்னொன்று தாங்காது என்று அப்போதே டாக்டர் சொன்னார். காப்பர்-டி வைத்திருந்தும் ஜனவரியில் நாள் தள்ளிப்போயிற்று. உன் மச்சான் கெட்டவர் இல்லை. வல்லார்பாடம் கப்பல் டெர்மினலில் ஷிப்ட் முடிந்து வந்தால் பிள்ளைகளைத் தூக்காமல் சாப்பிட மாட்டார். அதனால்தான் பயம். சொன்னால், "படச்சவன் பாத்துப்பான், பெத்துக்கலாம்" என்பார். அவருக்கு அது ஆறுதல் வார்த்தை. எனக்கு அது என் உயிர். உம்மாவோ எழுவரைப் பெற்றவர், அவரிடம் எந்த வாயால் சொல்வேன்?

எட்டாவது வாரத்தில் போனேன். மாத்திரையில் முடிந்திருக்க வேண்டியது. முதல் ஆஸ்பத்திரியில் கவுண்டர் பெண் படிவத்தைத் தள்ளி, "பர்த்தாவின்றெ ஒப்பு" என்று விரலால் தட்டிக் காட்டினாள். இரண்டாவது இடத்திலும் அதே. திருப்பூணித்துறையில் சிநேகிதி வீட்டு விசேஷம் என்று பொய் சொல்லி, எறணாகுளத்தில் மூன்றாவது இடத்துக்குப் போனபோது பதினோராவது வாரம். அங்கே இருந்த டாக்டரம்மா, "நீங்கள் ஒப்புப் போட்டால் போதும்" என்றார். ஆனால் அதற்குள் மாத்திரை எல்லை தாண்டி மயக்க ஊசிவரைக்கும் வந்துவிட்டது. பஸ்ஸில் நின்றுகொண்டே தோப்பும்படி வழியாகத் திரும்பி வந்து, மத்தியானச் சோறு வடித்தேன்.

உன்னிடம் அன்று சொன்னதையே மறுபடி சொல்கிறேன். இந்த வீட்டுல எட்டுப் பேருக்குச் சோறு வடிக்க என் கை மட்டும் போதும். என் வயித்துக்கு ஒப்புப் போட மட்டும் என் கை போதாதோ?

எழுதிக்கொள். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். இவள் இன்னாள் என்று ஒருவருக்கும் தெரியக்கூடாது. தெரிந்தால் நான் இந்த வீட்டில் எந்த முகத்தோடு இருப்பேன், என் பிள்ளைகள் எங்கே இருக்கும் என்று யோசித்துப் பார். அது போதும். இன்னொன்று, நான் செய்தது சரி என்று எனக்குச் சட்டம் காட்டாதே. சரியா தப்பா என்பது எனக்கும் படைத்தவனுக்கும் நடுவில் உள்ளது. தொழுகையில் தினமும் அந்தப் பேச்சு நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஒப்புக் கேட்டவர்கள் செய்தது தப்பு, அதை மட்டும் எழுது.

சுல்ஃபத்


திருவனந்தபுரம்
2 மே 2025

அன்புள்ள அக்கா,

ஊறுகாய் வந்தது. ஹாஸ்டலில் என் அறைக்கு இப்போது திடீரென்று சிநேகிதிகள் அதிகம். உம்மாவுக்கு என் ஸலாம் சொல். உண்மையைச் சொன்னால் இங்கே மீன் குழம்பில் மீன் இருக்கிறது, ஆனால் அதை உம்மாவிடம் சொல்லித் தொலைக்காதே.

உன் வாக்குமூலத்தை நானே எழுதினேன். பேர் இல்லை, ஊர் இல்லை. வயதை இரண்டு கூட்டினேன். வல்லார்பாடம் போயிற்று, திருப்பூணித்துறை போயிற்று, ஐந்து பாட்டில் ரத்தம் மூன்றாயிற்று. அத்தாவே படித்தாலும் தன் மூத்த மகள் என்று சந்தேகப்பட மாட்டார்.

ஒன்றை மட்டும் நான் மாற்றவில்லை. எட்டுப் பேருக்குச் சோறு வடிக்கிற அந்த வாக்கியம். அதை மலையாளத்தில் நாலு விதமாக எழுதிப் பார்த்தேன் அக்கா. அர்த்தம் வருகிறது, நீ வரவில்லை. அதனால் அந்த ஒரு வாக்கியத்தைத் தமிழிலேயே மலையாள எழுத்தில் போட்டு, கீழே பொருள் எழுதியிருக்கிறேன். கட்டம் கட்டி, பெரிய எழுத்தில். புத்தகத்தைத் திறக்கிறவர்கள் கண்ணில் முதலில் அதுதான் படும். மற்றப் பதினோரு பேர் சொன்னதில் அதைப் போல ஒன்று இல்லை. வகுப்பில் ஒரு வருஷம் நாங்கள் விவாதித்ததை நீ அடுக்களையில் நின்று இரண்டு வரியில் முடித்துவிட்டாய்.

புத்தகம் அடுத்த வாரம் அச்சிலிருந்து வருகிறது. எல்லா மாவட்டத்துக்கும் அனுப்புகிறோம். எனக்குப் பெருமையாக இருக்கிறது. உனக்கும் இருக்க வேண்டும்.

உன் ஹிஸானா


மட்டாஞ்சேரி
20 மே 2025

ஹிஸானா,

நீ பெருமைப்பட்ட கதையைக் கேள்.

எங்கள் தெருப் பெண்களின் குடும்பஸ்ரீ அயல்கூட்டம் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரு வீட்டில் கூடும். இந்த ஞாயிறு எங்கள் வீட்டு முறை. பதினைந்து பெண்கள், முன்னறை நிறைய. உம்மா கதவோரம் நாற்காலியில். நான் சாயா ஊற்றிக்கொண்டிருந்தேன். எங்கள் செயலாளர் தன்யா பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, "திருவனந்தபுரத்துன்னு வந்நதா, எல்லாரும் கேக்கணும்" என்று வாசிக்க ஆரம்பித்தாள். நல்ல பெண், சத்தமாக வாசிப்பாள்.

முதல் பெண், இரண்டாம் பெண் என்று போய்ப் பன்னிரண்டாம் பெண் வந்தாள். காப்பர்-டி என்றதும் கெட்டிலைக் கீழே வைத்துவிட்டேன். கட்டத்துக்குள் இருந்ததை வாசிக்க வந்தபோது தன்யாவுக்கு நாக்கு குழறிற்று. இரண்டு முறை முயன்றாள். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "இது சுல்ஃபத் இத்தாவின்றெ பாஷையல்லே? இத்தா ஒன்னு வாயிச்சு தரூ" என்று புத்தகத்தை நீட்டினாள்.

நான் வாசித்தேன், ஹிஸானா. என் வீட்டு முன்னறையில் நின்று, என் மாமியார் முன்னால், நான் சொன்னதை நானே வாசித்தேன். உன் கடிதத்தை மாற்றி வாசித்ததுபோல இதை மாற்ற முடியாது. கீழேயே மலையாளத்தில் பொருள் போட்டு வைத்திருக்கிறாயே. ரேஷன் கார்டு வாசிப்பதுபோல் வாசித்துவிட்டு நிமிர்ந்தேன். ஒருத்தி, "தமிழ்க்காரியல்லே, நம்மட பக்கத்தில் உள்ளதாயிருக்குமோ?" என்றாள். இந்தத் தெருவில் தமிழ் பேசுகிற வீடு எத்தனை என்று உனக்குத் தெரியாதா? எட்டுப் பேருக்குச் சோறு வடிக்கிற தமிழ்க்காரி எத்தனை பேர்?

அப்போது உம்மா எழுந்தார். "தமிழ்க்காரிகள் எல்லாரும் இங்ஙனெ தன்னெ பறயும். சாயா தணுக்குன்னு, எல்லாரும் எடுக்கு" என்றார், எந்தத் தமிழ்க்காரியும் இப்படித்தான் சொல்வாள், சாயா ஆறுகிறது என்று. அத்தோடு பேச்சு மாறிவிட்டது.

காப்பாற்றிவிட்டார் என்று நினைக்காதே. தினமும் சோறு வடிக்கும்போது உம்மா வந்து, "ஞான் கூடட்டே?" என்று கேட்பார், நானும் கைகொடுக்கட்டுமா என்று. அவர் முழங்காலை நினைத்து, "வேணாம் உம்மா, என் கை மட்டும் போதும்" என்பேன். நாளெல்லாம் மலையாளம் பேசினாலும் இதை மட்டும் தமிழில்தான் சொல்வேன், பத்து வருஷப் பழக்கம். அவர் தினமும் காதில் கேட்ட வார்த்தையை நீ கட்டம் கட்டி அச்சடித்து வீட்டுக்கே அனுப்பிவிட்டாய். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவர் அடுக்களைக்கு வரவில்லை. தன் தட்டைத் தானே கழுவி வைக்கிறார். என்னிடம் ஒரு கேள்வி இல்லை. மகன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் வாய் திறக்குமா என்று நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயை நீ அல்லவா ஊரெல்லாம் கொண்டுபோனாய்.

இவள் இன்னாள் என்று தெரியக்கூடாது என்று எழுதினேனா இல்லையா? தமிழில் போட்டேன் என்று நீ எழுதியது என் கைக்கு வருவதற்குள் புத்தகம் அச்சாகியாயிற்று. அந்த ஆஸ்பத்திரிக்காரி என்னைக் கேட்காமல் என் புருஷனைக் கேட்டாள். நீ என்னைக் கேட்டாய். கேட்டுவிட்டு நான் சொன்னதில் உனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டாய். இரண்டில் எது மோசம் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். கடிதமும் எழுதாதே.

சுல்ஃபத்


திருவனந்தபுரம்
27 மே 2025

அக்கா,

எழுதாதே என்றாய். இது ஒன்றை மட்டும் எழுத விடு.

உன்னிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். அந்த வாக்கியத்தைத் தமிழில் விடக்கூடாது என்று காமாக்ஷி மேடம் முதலிலேயே சொன்னார். "பேரை அடிச்சாப் போறாது, பேச்சையும் அடிக்கணும். கொச்சியிலே தமிழ்ங்கறது ஒரு விலாசம் மாதிரி" என்றார். சரி மேடம் என்று தலையாட்டினேன். அவர் பார்த்த பிரதியில் மாற்றவும் செய்தேன். அச்சகத்துக்குப் போகிற கடைசிப் பிரதியில், கட்டத்துக்குள் மறுபடி தமிழைப் போட்டு அனுப்பினேன். அந்த வாக்கியம் அவ்வளவு பிடித்திருந்தது. உனக்காகச் செய்கிறேன் என்றுதான் நினைத்தேன். இப்போது யோசித்தால், இப்படி ஒரு வாக்கியத்தைக் கண்டுபிடித்தவள் நான் என்று நாலு பேர் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வார்கள், நான் அதை உனக்கு வைத்தேன்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு மேடத்திடம் போனேன். சத்தம் போடுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "நீ பண்ணினதும் அந்த ஆஸ்பத்ரி பண்ணினதும் வேற வேறன்னு ஒரு ஜட்ஜ் முன்னாடி நின்னு சொல்ல முடியுமோ நோக்கு?" என்று மட்டும் கேட்டார்.

மனுவிலிருந்து உன் வாக்குமூலத்தை எடுத்துவிட்டோம். அனுப்பாமல் மிச்சமிருந்த புத்தகங்களில் அந்தப் பக்கத்தை நானே கிழித்து எடுத்தேன். கீழே ஜெராக்ஸ் கடையில் காகிதத்தைத் துண்டாக்கும் மெஷின் இல்லாததால், எடுத்த பக்கங்களையும் கையால்தான் துண்டு துண்டாகக் கிழித்தேன். போய்ச் சேர்ந்தவற்றை ஒன்றும் செய்ய முடியாது. இனி நான் செய்ய வேண்டிய வேலை என்று மேடம் சொன்னது இது. மற்றப் பதினோரு பெண்களிடமும் நேரில் போய், அச்சான பக்கத்தைக் காட்டி, "இதுதான் கோர்ட்டுக்குப் போகப்போகிறது, இப்போதும் சம்மதமா?" என்று கேட்க வேண்டும். முதலிலேயே செய்திருக்க வேண்டியது.

உம்மா என்ன செய்வார் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் வந்து மச்சான் முன்னால் நின்று, எல்லாம் என் கற்பனை, அக்காவுக்கு இதில் சம்பந்தமே இல்லை என்று சொல்லட்டுமா? அதுவும் உன்னைக் கேட்காமல் செய்ய மாட்டேன்.

மன்னித்துவிடு என்று எழுதக் கை வரவில்லை. அது உன்னிடமிருந்து இன்னொன்று கேட்பதுபோல் இருக்கிறது.

ஹிஸானா


திருவனந்தபுரம்
14 ஜூன் 2025

அக்கா,

பதில் வராது என்று தெரிந்தும் எழுதுகிறேன்.

ஹஜ்ஜுப் பெருநாளன்று சுள்ளிக்கல் வீட்டுக்கு வந்தாய். பிரியாணிச் செம்பை இறக்கினாய், பிள்ளைகளுக்கு ஊட்டினாய், அம்மாவுக்கு மருதாணி வைத்தாய். என் தட்டிலும் பரிமாறினாய், முகத்தைப் பார்க்காமல். அம்மா என்னிடம், "ரெண்டு பேருக்கும் என்னடி, சேலைக்குச் சண்டையா?" என்றாள். ஆமாம் என்றேன்.

பதினோரு பேரையும் பார்த்து முடித்தேன். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். ஒருத்தி மூன்று மணி நேரம் உட்கார வைத்து, கப்பைக் கிழங்கும் மீனும் கொடுத்து, ஒரே ஒரு வார்த்தையை மாற்றச் சொன்னாள். ஒருத்தி அந்தப் பக்கத்தைத் தானே வாசித்துவிட்டு, "இத்தனை நல்லதா நான் பேசினேனா?" என்று கேட்டாள். ஒன்பது பேர் மனுவில் இருக்கிறார்கள். மாத முடிவில் தாக்கல். என் இன்டர்ன்ஷிப் போன வாரமே முடிந்தது. சான்றிதழை வாங்கிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டேன். மனு தாக்கலாகும்வரை வரட்டுமா என்று மேடத்திடம் கேட்டேன், வா என்றார்.

போன வாரம் ஒரு பார்சல் வந்தது. எலுமிச்சை ஊறுகாய். கோபத்திலும் எனக்கு ஊறுகாய் அனுப்பியிருக்கிறாய் என்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு பார்த்தால் விலாசம் மலையாளத்தில், கோணல் மாணலாக, ரஃபியின் கையெழுத்து. உனக்குத் தெரியாமல் வந்ததோ என்று இப்போது பயமாக இருக்கிறது.

நீ நலமா என்பதை மட்டும் யாரிடமாவது சொல்லி அனுப்பு.

ஹிஸானா


மட்டாஞ்சேரி
22 ஜூன் 2025

ஹிஸானா,

ஊறுகாய் நான் அனுப்பவில்லை. உன்மேல் இருந்த கோபத்துக்கு எலுமிச்சைத் தோல்கூட அனுப்பியிருக்க மாட்டேன். உம்மா சொல்ல, ரஃபி விலாசம் எழுதி, இரண்டு பேரும் தபாலாபீஸ் போயிருக்கிறார்கள். எனக்கே முந்தாநாள்தான் தெரியும்.

மே மாதக் கடைசியில் நீ எழுதியதை நான் வாசிக்கவே இல்லை. உம்மா வழக்கம்போல உறையைக் கிழித்து, அடுக்களைக்குள் வராமல் வாசலில் நின்றே நீட்டினார். வாசி என்று சொல்லவில்லை. நானும் அரிசி டப்பாவுக்குக் கீழே தள்ளிவிட்டேன். முந்தாநாள் இரண்டாவது கடிதம் வந்தது. உன் மச்சான் காலை ஷிப்டுக்குப் போயாயிற்று, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். உம்மா ஒரு மாதத்துக்குப் பிறகு அடுக்களைக்குள் வந்தார். கதவைச் சாத்தினார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டப்பாவுக்குக் கீழே இருந்ததையும் எடுத்து, இரண்டையும் என் கையில் கொடுத்தார்.

"ஹாஸ்டல்லெ சோறு சரியில்லான்னு வாயிக்கண்டா. உள்ளது வாயிக்கு."

சாப்பாட்டுக் கதை வேண்டாம், உள்ளதை வாசி என்கிறார். அது பொய் என்று முதல் நாளே தெரிந்திருக்கிறது அவருக்கு. மீன் குழம்பில் மீன் இல்லை என்று சொல்ல ஒருத்திக்கு இரண்டு பக்கம் எதற்கு என்று கேட்கிறார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவள் நான். அது தெரிந்தே அவர் ஊறுகாய் போட்டிருக்கிறார்.

வாசித்தேன். உன் இரண்டு கடிதத்தையும் ஒரு வரி விடாமல் மலையாளத்தில் சொன்னேன். முடித்ததும், தலாக், வீட்டைவிட்டுப் போ, மகனைக் கூப்பிடு, இதில் ஏதோ ஒன்று வரப்போகிறது என்று நான் கடிதங்களை மடித்துக்கொண்டே நின்றேன்.

"ஒற்றைக்கோ போயது?" என்றார். தனியாகவா போனாய் என்று.

ஆமாம் என்றேன்.

"பஸ்ஸில், நின்னுட்டோ?"

ஆமாம் என்றேன். அப்போதுதான் அவர் அழுதார், ஹிஸானா. எழுவரைப் பெற்று இரண்டைப் புதைத்த மனுஷி அழுது நான் பார்த்ததில்லை. பிறகு எனக்காக அரைத் தமிழில் பேசினார். "எப்பவும் சொல்லும், என் கை மட்டும் போதும், என் கை மட்டும் போதும். என்கிட்ட சொல்லியிருந்தா ஞான் வேண்டான்னுதான் பறஞ்சிருப்பேன். ஆனாலும் கூட வந்திருப்பேன் மோளே."

அவர் நான் செய்ததைச் சரி என்று சொல்லவில்லை. இனியும் சொல்ல மாட்டார். மகனிடம் சொல்வீர்களா என்று கேட்டேன். "அது நின்றெ வாயிலுள்ளது, என்றெ வாயிலில்ல" என்றார், அது உன் வாயால்தான் வர வேண்டும் என்று. உன் மச்சானிடம் நான் சொல்வேன். எப்போது என்பதை நான்தான் முடிவு செய்வேன். நீ வந்து கற்பனை அது இது என்று ஒன்றும் சொல்ல வேண்டாம். பொய் சொல்வதில் நம் குடும்பத்துக்கே கைராசி இல்லை என்று தெரிந்துவிட்டது.

உன்மேல் கோபம் போய்விட்டதா என்றால், இல்லை. கொஞ்சம் இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் அந்தப் பதினோரு பேரைத் தேடிப் போய்ப் பக்கத்தைக் காட்டினாய் என்ற இடத்தை உம்மா இரண்டு முறை வாசிக்கச் சொன்னார். அதனால் ஒன்று சொல்கிறேன். மனு இன்னும் தாக்கலாகவில்லை என்றால் என்னையும் சேர்த்துக்கொள். தமிழ் வேண்டாம், மலையாளத்தில் போடு. எட்டுப் பேர் வேண்டாம், வேறு ஏதாவது எண் போடு. கட்டம் கட்டாதே. கோர்ட்டுக்குப் போவதற்கு முன்னால் அந்தப் பக்கம் என் கைக்கு வர வேண்டும். நான் வாசித்து ஒப்புப் போட்டால்தான் போகும். உன் மேடத்திடம் அப்படியே சொல்.

இன்னொரு விஷயம். அயல்கூட்டத்தில் அன்று உட்கார்ந்திருந்த பதினைந்து பேரில் ஒருத்தி, போன வாரம் குடிதண்ணீர்க் குழாயடியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இத்தா, அந்தப் புத்தகத்தில் சொன்னது உள்ளதோ? அவளோட ஒப்பு மட்டும் போதுமோ?" என்று கேட்டாள். முதல் ஆஸ்பத்திரியில் அவளையும் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அவள் பேரை எழுத மாட்டேன். அவள் பேசிய மொழியையும் எழுத மாட்டேன், நீயும் கேட்காதே. சட்டத்தில் அது எந்த இடத்தில் எழுதியிருக்கிறது என்று ஒரு காகிதத்தில் பெரிய எழுத்தில், மலையாளத்தில், உடனே அனுப்பு. ஜூலை 3, வியாழக்கிழமை அவளோடு நான் போகிறேன். உம்மாவிடம் சொன்னேன். முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, "ஞானும் உண்டு" என்றார்.

இன்று காலை சோறு வடிக்கப் போனபோது முன்பு போலவே பின்னால் வந்து நின்று, "ஞான் கூடட்டே?" என்று கேட்டார். பழைய பதில் வாய்வரைக்கும் வந்துவிட்டது. பிடிதுணியின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்தேன்.

சுல்ஃபத்